தண்டில் பழுப்புப் புடைப்புகள்: செதில் பூச்சியா?

கேள்வி: செம்பருத்தித் தண்டு முழுக்கப் பழுப்புப் புடைப்பு. இலை பிசுபிசுக்கிறது, மேலே கரி பூசினாற்போல் இருக்கிறது, எறும்பும் ஏறுகிறது. இரண்டு தடவை மருந்தடித்தும் உதிரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: நகத்தால் ஒன்றைக் கிளப்பிப் பாருங்கள். ஓடு மட்டும் கழன்று பூச்சி தண்டிலேயே இருந்தால் கவசச் செதில். இரண்டும் சேர்ந்தே வந்தால் மென்செதில். பிசுபிசுப்பு இருப்பதால் உங்களுடையது மென்செதில்தான். இலையைப் பிசுபிசுக்க வைக்கும் தேன் கசிவை (இனிப்புக் கழிவை) கவசச் செதில் விடாது. உதிரவில்லை என்பதால் சாகவில்லை என்று அர்த்தமில்லை, செத்த ஓடு மாதக்கணக்கில் ஒட்டியிருக்கும். நசுக்குங்கள்: ஈரம் கசிந்தால் உயிரோடு இருக்கிறது, பொடியானால் முடிந்தது. ஓட்டில் வட்டத் துளை தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவி (செதிலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் பொடிக் குளவி) வேலை செய்கிறது. பெரும்பாலான ஓடுகளில் அப்படியென்றால் மருந்தையே நிறுத்திவிடலாம்.

பதில் 2: முற்றிய ஓட்டின் மேல் அடிப்பது பெரும்பாலும் வீண். கிளையில் இருபக்கமும் ஒட்டும் டேப் சுற்றுங்கள். அதில் பொடிப்பொடியாகக் குஞ்சுகள் சிக்கத் தொடங்கியதும் தோட்டக்கலை எண்ணெய், லிட்டர் தண்ணீருக்கு 10–20 மில்லி (லேபிளைப் பார்த்துவிட்டு), இலையின் அடிப்பக்கமும் கணு இடுக்கும் நனைய. வாடிய செடியிலோ கொளுத்தும் வெயிலிலோ அடித்தால் இலை கருகும்.

பதில் 3: வேரில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை ஊற்றச் சொல்வார்கள். மென்செதிலுக்குக் கேட்கும், கவசச் செதிலில் பெரும்பாலானவற்றுக்குக் கேட்காது. பூக்கும் செடியில் தேனீக்கும் ஆபத்து. முதலில் எறும்பைத் தடுங்கள், குளவியை விரட்டுவதே அதுதான்.