பாயிண்ட் கழற்றி எலக்ட்ரானிக் போட்டதும் கரண்ட் வரவில்லை – பழைய பெட்ரோல் ஜீப்

கம்பம்_ஜீப்:
வணக்கம். வண்டி பழைய மஹிந்திரா பெட்ரோல் ஜீப், ஹரிகேன் எஞ்சின், பின்பக்கத்தை வெட்டி பிக்கப் ஆக்கியது. கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு உரமூட்டை கொண்டுபோகத்தான் வைத்திருக்கிறோம். பாயிண்டில் (கரண்டை வெட்டி வெட்டிப் பொறி வரவைக்கிற சின்னத் தொடுமுனை) நன்றாகவே ஓடியது, ஆனால் மழை தொடங்கினால் மேலே போய் நின்றுவிடும், உப்புத்தாள் தேய்த்தே அலுத்துவிட்டது. அதனால் பாயிண்ட், கண்டன்சர் இரண்டையும் எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்கிற எலக்ட்ரானிக் மாடியூல் போட்டேன், அது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) உட்காருகிறது. கூடவே எஞ்சினைத் துடைத்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பெயிண்டும் அடித்தாயிற்று. மாடியூலின் சிவப்பு ஒயர் காயில் (12 வோல்ட்டைப் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக்குவது) பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில்.

செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, பொறி சுத்தமாக இல்லை. காயிலின் நடு ஒயரை எடுத்து பிளாக் பக்கம் காட்டினாலும் இல்லை. மீட்டர் வைத்தால் காயில் பிளஸ்ஸில் 12 வோல்ட் காட்டுகிறது. பேட்டரிக் கடையில் காயில் போச்சு என்றார்கள், புதுசு மாட்டினேன், அதே கதைதான். மாடியூலே பழுதா? கடையில் கேட்டால் எலக்ட்ரிக் சாமானைத் திரும்ப எடுப்பதில்லை என்கிறார்கள்.

லோயர்கேம்ப்_பெருசு:
தம்பி, அந்த 12 வோல்ட்டை அப்படியே நம்பாதீங்க. கரண்ட் இழுக்காத ஒயரில் மீட்டர் எப்போதும் முழுசாகத்தான் காட்டும். நடுவில் பேலஸ்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கிற ரெசிஸ்டர்) இருந்தாலும் சரி, சாவி சுவிட்ச் உள்ளே கருகிக் கிடந்தாலும் சரி. லோடு ஏறினால்தான் விழும். ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை காயில் பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் மாட்டிவிட்டு சாவி போடுங்க, அப்புறம் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அடிக்கும்போது பல்பு அணைந்தால் ஸ்டார்ட் நிலையில் சுவிட்ச் இக்னிஷனை வெட்டிவிடுகிறது. முதலிலிருந்தே மங்கலாக எரிந்தால் வழியில் பேலஸ்ட் இருக்கிறது, இல்லை சுவிட்ச் கருகியிருக்கிறது. பயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பு) வெள்ளைப் பீங்கான் கட்டை ஏதாவது இருக்கிறதா பாருங்க, இருந்தால் மாடியூலின் சிவப்பு ஒயர் அதற்கு முன்னாலிருந்து எடுக்க வேண்டும்.

காயிலைத் தனியாகப் பார்க்கணுமா? கறுப்பு ஒயரைக் கழற்றி ஓரமாக வையுங்க, சாவி ஆனில் ஒரு துண்டு ஒயரால் காயில் மைனஸை எர்த்தில் தொட்டு எடுங்க. தொடும்போது இல்லை, எடுக்கிற நொடியில் நடு ஒயரில் பொறி தாவ வேண்டும். தாவினால் காயில் நல்லது, கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே.

கொழிஞ்சாம்பாறை_ஒர்க்‌ஷாப்:
பெயிண்ட் என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாயிண்ட் தகட்டிலிருந்து பாடிக்கு ஒரு சின்னப் பின்னல் ஒயர் போகும், செம்புக் கம்பியில் துணி சுற்றிய மாதிரி, விரல் நீளம்கூட இருக்காது. பாயிண்டைக் கழற்றும்போது அதுவும் கையோடு வந்துவிடும், இனி எதற்கு என்று குப்பையில் போட்டுவிடுவார்கள். பெரும்பாலான மாடியூலுக்கு எர்த்தே அந்தத் தகடு வழியாகத்தான். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று தகட்டில், செல்ஃப் அடிக்கும்போது பாருங்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றுகிற ரோட்டருக்குக் கீழே காந்த வளையம் கடைசிவரை இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்க. மேலே தொக்கி நின்றால் மாடியூலுக்கு எதுவும் தெரியாது.

போடிமெட்டு_ராஜா:
எனக்கென்னமோ மலை வண்டிக்குப் பாயிண்டுதான். கொண்டை ஊசி வளைவில் நின்றுபோனால் பாயிண்டைத் தீப்பெட்டிப் பக்கத்தில் உரசியாவது வீடு வந்து சேரலாம், மாடியூல் செத்தால் லாரிக்காரன் கயிறு கொடுக்கும்வரை உட்கார வேண்டியதுதான். எலக்ட்ரானிக் போட்டதைக் குறை சொல்லவில்லை, கழற்றிய பாயிண்டையும் கண்டன்சரையும் தகட்டோடு டப்பாவில் போட்டு சீட்டுக்கு அடியில் வையுங்க. அதோடு மழையில் நிற்பதற்குப் பாதிக் காரணம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியாக இருக்கும். உள்பக்கம் பென்சில் கோடு மாதிரி கறுப்பாக ஓடியிருந்தால் தூக்கிப் போடுங்க, ஈரத்தில் பொறி அந்தக் கோட்டில்தான் போகும்.

கம்பம்_ஜீப்:
அண்ணே, பல்பு மாட்டிப் பார்த்தேன், செல்ஃப் அடிக்கும்போதும் பளிச்சென்று எரிகிறது. பேலஸ்ட் கிடையாது, காயில் 3 ஓம். தொட்டு எடுத்தால் பொறியும் தாவுகிறது. தகட்டில் மீட்டர் வைத்தால் 4 வோல்ட்டுக்கு மேலே! பின்னல் ஒயர் பழைய பாயிண்ட் ஸ்க்ரூவோடு டிரேயில் கிடந்தது. அதை மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் உட்காருகிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டினதும் நீலமாகப் பொறி வருகிறது, வண்டியும் எடுத்துவிட்டது. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது இடையிடையே பின்னால் உதைக்கிறது. மூடியிலும் கோடு இருக்கிறது, மாற்றப் போகிறேன்.

லோயர்கேம்ப்_பெருசு:
உதைத்தால் டைமிங் முன்னால் இருக்கிறது, அதாவது பொறி சீக்கிரமே வருகிறது. மாடியூல் பாயிண்ட் திறந்த அதே இடத்தில் அடிக்காது, எப்போது மாற்றினாலும் புதிதாக வைக்க வேண்டும். கிளாம்பைத் தளர்த்தி, ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதே பக்கம் பாடியைக் கொஞ்சம் திருப்புங்க, அப்புறம் டைமிங் லைட் வைத்து 5 டிகிரிக்குக் கொண்டுவாங்க. பிளக் ஒயர் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால் ரெசிஸ்டர் ஒயராக மாற்றிவிடுங்க. எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீங்க, மாடியூல் அதில்தான் வெந்துபோகும்.