ஸ்னாக் லிஸ்ட் (சாவி கொடுக்கும் முன் எழுதும் குறைப் பட்டியல்) பிரிக்க ஏஐ உதவுமா?

கேள்வி (சைட் இன்ஜினியர், ஊமச்சிகுளம்):
திருப்பாலை பக்கம் ஒரு அபார்ட்மெண்ட், சாவி கொடுக்கும் நேரம். குறைகளைப் பார்த்துப் பார்த்து வாட்ஸ்அப்பில் போட்டோவும் வாய்ஸ் நோட்டும் போடுகிறோம். "கதவு உரசுது" என்று ஒருவர், "ஜன்னலோரம் பட்டி (பெயின்ட்டுக்கு அடியில் பூசும் புட்டி) உரியுது" என்று இன்னொருவர். எந்த வீட்டுக் கதவு என்று தேடியே பொழுது போகிறது. ஏஐயிடம் கொடுத்தால் பிரித்துத் தருமா?

பதில் (கான்ட்ராக்டர், ஒத்தக்கடை):
தரும் தம்பி. வாய்ஸ் நோட்டை எழுத்தாக்கி பெயின்டர், பிளம்பர், தச்சர் என்று ஆள்வாரியாகப் பிரிப்பதில் கெட்டி. ஆனால் வீட்டு எண், அறை, எந்தச் சுவர் என்று முதலில் சொல்லிவிட்டுப் பேசச் சொல்லுங்கள். சொல்லாததை "தெரியவில்லை" என்றே எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதுவாக ஒரு வீட்டைப் போட்டுவிடும். டைலுக்கு அடியில் கலவை இறங்கியிருக்கிறதா என்பது போட்டோவில் தெரியாது, தட்டிக் கேட்க வேண்டும். பாத்ரூமில் 24 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழ்வீட்டு சீலிங்கைப் பார்ப்பதும் நம் வேலைதான்.

பதில் (வீடு வாங்கியவர், நாகமலை புதுக்கோட்டை):
"முடிந்தது" என்று மாற்றும் உரிமையை ஏஐக்குக் கொடுக்காதீர்கள் சார். எங்கள் பில்டர் பட்டியலில் எல்லாம் பச்சை, பால்கனியில் தண்ணீர் தேங்கியபடியேதான் இருந்தது. தேதியோடு போட்டோக்களையும் வைத்திருங்கள். ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி சாவி வாங்கி 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால், பில்டர் தன் செலவில் 30 நாளில் சரிசெய்ய வேண்டும்.

கேட்டவர்:
சரிண்ணே. அப்புறம், மேஸ்திரி பேசும் தமிழ் அதற்குப் புரியுமா?

கான்ட்ராக்டர்:
பாதி புரியும். "பூச்சு", "பட்டி" என்று சைட் வார்த்தைகளை அர்த்தத்தோடு முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.