அண்ணனுக்குப் பெருந்தமனி வீக்கம்: நான் மரபணு டெஸ்ட் எடுக்கலாமா?

திண்டுக்கல்காரன்:
அண்ணனுக்கு 38 வயது. பெருந்தமனி இதயத்திலிருந்து கிளம்பும் இடத்திலேயே 5.2 செ.மீ. வீங்கி, போன மாதம் ஆபரேஷன் ஆனது. சிகரெட், பிரஷர் எதுவும் கிடையாது. அப்பாவும் 44 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். அட்டாக் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு 34. எச்சில் அனுப்பிப் பார்க்கிற டெஸ்ட்டை ஆன்லைனில் வாங்கச் சொல்கிறாள் மனைவி. வாங்கலாமா?

மலைக்கோட்டை மணி:
என் மாமனாருக்கு வயிற்றில் இதே வீக்கம். வயது 70, பீடிப் பழக்கம். பரம்பரை என்றெல்லாம் பயப்படாதீர்கள் சார்.

எக்கோ அக்கா:
மணி சார், அது வேறு, இது வேறு. வயிற்றில் வருவதற்கு வயதும் புகையும்தான் பெரிய காரணம். அதிலும் பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் பல மரபணு மாறுபாடுகள் துளித்துளியாகச் சேர்ந்து செய்கிற வேலை. 9ஆம் குரோமோசோமில் 9பி21 என்ற இடத்து மாறுபாடு அதில் ஒன்று. கோடிக்கணக்கானவர்களிடம் இருப்பது, அதை வைத்து யாருக்கும் ஜோசியம் சொல்ல முடியாது.

தம்பி, 38 வயதில் வேரிலேயே, அதாவது பெருந்தமனி இதயத்திலிருந்து கிளம்பும் இடத்திலேயே வீக்கம் என்றால் ஒற்றை மரபணுவைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். உடம்பின் இணைப்புத் திசுவைப் பலவீனமாக்கும் மார்பன் நோய்க்கு (பலர் உயரமாக, நீளமான விரல்களோடு இருப்பார்கள்) எஃப்பிஎன்1 மரபணு, அப்புறம் டிஜிஎஃப்பிஆர்2, ஏசிடிஏ2 என்று ஒரு வரிசையே இருக்கிறது. பெற்றவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவுக்குப் பெருந்தமனி கிழிந்திருந்தாலும் வெளியே தெரிவது அதே நெஞ்சுவலிதான்.

எச்சில் கிட் வேண்டாம். முதலில் அண்ணனுடைய ரத்தம் போகட்டும். காரணமான மாற்றம் அவரிடம் கிடைத்தால், உங்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். இல்லை என்று வந்தால் உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் கவலை இல்லை. அண்ணனிடமே ஒன்றும் தெளிவாகக் கிடைக்கவில்லையா, கூடப்பிறந்தவர்கள் அவ்வப்போது ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வோம், வலி கிடையாது. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்பதோடு வந்துவிடாதீர்கள். வேர் எத்தனை மி.மீ., அதற்கு மேலே எத்தனை மி.மீ. என்று எழுதி வாங்குங்கள். கூட்டம் அலைமோதும் நாளில் எங்கள் ஆட்களே அதை விட்டுவிடுவார்கள்!

திண்டுக்கல்காரன்:
நன்றி அக்கா. அண்ணன் ஆறடிக்கு மேல், விரல்கள் நீளம். நான் அம்மா மாதிரி குள்ளம். அப்போ எனக்கு இருக்காதுதானே?

எக்கோ அக்கா:
உயரத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. ஏசிடிஏ2 கோளாறில் பலருக்கு வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986இல் ஜப்பானில் மேட்ச் நடக்கும்போதே சரிந்து இறந்தார். மார்பன் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அதை வைத்து அவருடைய சகோதரரைப் பரிசோதித்தார்கள். அவருக்கும் இருந்தது, ஆபரேஷன் செய்தார்கள்.

எக்கோ முடியும்வரை ஜிம்மில் மூச்சை அடக்கி வெயிட் தூக்காதீர்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதும் வேண்டாம். பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கு அந்த வகை மருந்து ஆகாது என்று 2018இலேயே அமெரிக்காவில் எச்சரித்துவிட்டார்கள். அண்ணனுக்குப் பிள்ளைகள் உண்டா?

திண்டுக்கல்காரன்:
இரண்டு பெண்கள். பெரியவள் ஸ்கூல் கபடி டீமில் இருக்கிறாள்.

எக்கோ அக்கா:
அவளை இந்த வாரமே கூட்டிப்போங்கள். ரிப்போர்ட் வரும்வரை கபடி வேண்டாம்.