‘டேட்டா’வுக்கு ‘இஸ்’ போடலாமா, ‘ஆர்’ தான் போட வேண்டுமா?

அரைப்புள்ளி:
ஓர் ஆய்வறிக்கையைப் பிழை திருத்திக் கொடுத்தேன். ‘த டேட்டா இஸ் இன்கம்ப்ளீட்’ என்ற வரியை அப்படியே விட்டிருந்தேன். மேலே இருப்பவர் ‘இஸ்’ஸை அடித்து ‘ஆர்’ என்று எழுதி, ஓரத்தில் ‘அடிப்படை இலக்கணம்’ என்று குத்தலாக ஒரு குறிப்பும் போட்டு அனுப்பியிருக்கிறார். நான் படிக்கும் செய்திகளில் பெரும்பாலும் ‘இஸ்’தான் இருக்கிறது. யார் பக்கம் நியாயம்?

வேர்தேடி:
அவர் பக்கம்தான். லத்தீனில் ஒன்று என்றால் ‘டேட்டம்’, பல என்றால் ‘டேட்டா’. பாக்டீரியம், பாக்டீரியா மாதிரி. ஆய்வுக்கட்டுரையில் ‘பாக்டீரியா இஸ்’ என்று எழுதிப் பாருங்கள், விடுவார்களா? டேட்டாவுக்கு மட்டும் என்ன சலுகை? அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைவிதியும் பன்மை என்றே சொல்கிறது.

நாவழக்கு:
வேர்தேடி சார், அப்படியானால் ‘அஜெண்டா’வை என்ன செய்வீர்கள்? அதுவும் லத்தீன் பன்மைதான், ஒருமை ‘அஜெண்டம்’. ‘த அஜெண்டா ஆர்’ என்று யாரும் எழுதுவதில்லை. போதாக்குறைக்கு ‘அஜெண்டாஸ்’ என்று பன்மைக்கு மேல் பன்மை வேறு.

ஒரு சொல் எண்ணக்கூடியதா இல்லையா என்பதற்கு அதன் பூர்வீகத்தைத் தோண்ட வேண்டாம். முன்னால் ‘மெனி’ வருகிறதா ‘மச்’ வருகிறதா என்று பார்த்தால் போதும். ‘ஹவ் மச் டேட்டா’ என்றுதானே ஊரே கேட்கிறது? ‘ஆர்’ போட்டே தீருவேன் என்பவர்கூட ‘செவன் டேட்டா’ என்று எழுதுவது அபூர்வம். ‘செவன் டேட்டா பாயிண்ட்ஸ்’ என்றுதான் எழுதுவார். ‘வாட்டர்’, ‘இன்ஃபர்மேஷன்’ எல்லாம் எந்த வரிசையோ அந்த வரிசைக்கு டேட்டாவும் எப்போதோ வந்துவிட்டது.

அரைப்புள்ளி:
இப்போதுதான் கவனிக்கிறேன். ‘ஆர்’ என்று திருத்தியவர் தானே சேர்த்த பத்தியில் ‘மச் ஆஃப் த டேட்டா’ என்று இருக்கிறது!

வேர்தேடி:
அப்படியென்றால் அதையும் ‘மெனி ஆஃப் த டேட்டா’ என்று மாற்றச் சொல்லுங்கள். ஒருவர் பாதி வழி போனதால் பாதையே தப்பாகிவிடாது.

அஜெண்டா வேறு கதை, தம்பி. அது ஒரு பட்டியலின் பெயராகிவிட்டது. உள்ளே எத்தனை விஷயம் இருந்தாலும் பட்டியல் ஒன்றுதான். டேட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நில அளவைக்காரர்களைக் கேளுங்கள்: உயரத்தை எந்த அடிப்படை மட்டத்திலிருந்து அளக்கிறார்களோ அதற்கு இன்றைக்கும் டேட்டம் என்றுதான் பெயர்.

நாவழக்கு:
எனக்கு நீங்களே சாட்சி பிடித்துக் கொடுத்துவிட்டீர்கள். அந்த அளவைக்காரர்கள் பல டேட்டத்தை என்னவென்று சொல்கிறார்கள் தெரியுமா? ‘டேட்டம்ஸ்’! அம்மாவும் பிள்ளையும் எப்போதோ தனிக்குடித்தனம் போய்விட்டார்கள் சார்.

வேரை மட்டும் நம்பிப் போனால் ‘ஆக்டோபஸ்’ கதைதான். ‘அஸ்’ஸில் முடிகிறதே என்று லத்தீன் பாணியில் ‘ஆக்டோபை’ என்று ஒரு பன்மை கட்டினார்கள். சொல்லோ கிரேக்கம். அந்தக் கணக்குப்படி ‘ஆக்டோபொடீஸ்’ என்றல்லவா வர வேண்டும்? வேர் எதுவும் பார்க்காமல் ‘ஆக்டோபஸஸ்’ என்று சொன்னவன் தப்பித்தான்.

வேர்தேடி:
ஆக்டோபை அகராதியில் ஏறியிருக்கிறது. வழக்குதான் ராஜா என்றால் நீங்கள் அதைக் கிண்டல் செய்யக் கூடாது. அப்புறம் ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’. எத்தனை பேர் சொல்கிறார்கள்! அதையும் வழக்கு என்று சும்மா விட்டுவிடலாமா?

நாவழக்கு:
‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ தவறுதான், ‘ஆஃப்’புக்குப் பின்னால் பல பேர் நின்றால்தான் அதில் ஒருவரை எடுக்க முடியும். ஆனால் ‘ஃபர்னிச்சர்ஸ்’ ரகத்தை அவ்வளவு சுலபமாக ஒதுக்க மாட்டேன். ‘ரிசர்ச்’சை எடுங்கள். இன்று ‘ரிசர்ச்சஸ்’ என்று எழுதினால் உடனே திருத்துகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மைக்கேல் ஃபாரடே தன் மின்சார ஆய்வுத் தொகுதிகளுக்கு வைத்த தலைப்பிலேயே ‘ரிசர்ச்சஸ்’ இருக்கிறது. எண்ணலாமா கூடாதா என்ற கோடு நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. இன்றைக்கு அது ஃபர்னிச்சரை உள்ளே விடவில்லை, அவ்வளவே.

‘செர்ரி’யையும் பாருங்கள். நார்மன் பிரெஞ்சில் ‘செரீஸ்’ என்பதே ஒருமை. கடைசி ஸகரத்தைப் பன்மை என்று நினைத்து வெட்டிவிட்டார்கள். இப்போது போய் ‘ஒரு செரீஸ் கொடு’ என்று கேட்கவா முடியும்?

கரும்பலகை:
பஞ்சாயத்தில் கேள்வி கேட்டவரை மறந்தாயிற்று. நான் வகுப்பில் சொல்வது இதுதான்: யாருக்கு எழுதுகிறோமோ அவர்களுடைய நடைவிதியைப் பாருங்கள். பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் டேட்டாவுக்கு ஒருமை வினை போடச் சொல்கிறது; உளவியல் ஆய்விதழ் பன்மை கேட்கும். ‘டீம்’முக்கும் இதே தகராறு உண்டு. பிரிட்டனில் ‘த டீம் ஆர்’ சர்வசாதாரணம், அமெரிக்காவில் ‘இஸ்’. ஆனால் ‘க்ரைட்டீரியா’, ‘ஃபினாமினா’ இரண்டையும் ஒருமையாக எழுதினால் நானே மதிப்பெண்ணைக் குறைப்பேன். அவற்றுக்கு இன்னும் டேட்டாவின் அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

அரைப்புள்ளி, சண்டையே வேண்டாம் என்றால் இறந்தகாலத்துக்குப் போய்விடுங்கள். ‘த டேட்டா சஜஸ்டட்’ என்று எழுதினால் ஒருமையா பன்மையா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வேர்தேடி:
‘வாஸ்’, ‘வேர்’ வரும் இடத்தில்? ‘திஸ்’, ‘தீஸ்’ வரும் இடத்தில்? எத்தனை இடத்தில் ஒளிவீர்கள்?

அரைப்புள்ளி:
முடிந்த இடமெல்லாம் ஒளிந்தாயிற்று. மிச்ச இடங்களில் ‘வேர்’ போட்டுவிட்டேன், அறிக்கை போகிற இதழ் உளவியல் சங்கத்தின் விதியைத்தான் கேட்கிறது. ‘மச் ஆஃப் த டேட்டா’வை மட்டும் தொடவில்லை. அவருடைய வரி, அவர் பாடு.

நாவழக்கு:
சரி, அடுத்து ‘மீடியா’வை எடுப்போமா?

வேர்தேடி:
மீடியா பன்மை. இதில் பேச என்ன இருக்கிறது?