புதுப்பிப்பு: டிரெல்லோ பலகையை ஆட்கள் தொடுவதில்லை என்று கேட்டிருந்தேனே

ஆபீஸில் போடும் அட்டவணையை டிரெல்லோவில் (வேலைகளைக் கார்டுகளாகப் போட்டு வைக்கும் ஆன்லைன் பலகை) ஏற்றினாலும் சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் எங்கள் பராமரிப்பு ஆட்கள் அதைத் திறப்பதே இல்லை, எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது என்று எழுதியிருந்தேன். "வேலையைப் பிரிப்பதை அவர்களிடமே விடுங்கள்" என்று ஒருவர் சொன்னார். அதைத்தான் செய்தோம்.

முடிக்கும் தேதி, கிரேன், பெர்மிட் (ஆபத்தான வேலையைத் தொடங்கும் முன் வாங்கும் அனுமதி) மூன்றும் மேலிருந்துதான் வரும். 3 மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலைக்கு இங்கே சட்டப்படியே பெர்மிட் வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் ஒரு பம்பைக் கழற்றி மாட்ட எத்தனை படி, எத்தனை நாள் என்று ஆட்களே கார்டு போடுகிறார்கள், தமிழிலேயே. முதல் வாரமே மூத்த ஃபிட்டர் அண்ணன், "சாரம் கட்டவே ஒரு நாள் போகுமே, அதை ஏன் யாரும் எழுதல?" என்று கேட்டார். உண்மைதான், ஆபீஸ் அட்டவணையில் அந்த நாளே இல்லை! அந்தக் கேள்விக்காகவே இவ்வளவும் தகும்.

அப்புறம், டொயோட்டா ஆலையில் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்துச் சிக்கலைச் சொல்லலாம் இல்லையா, அதுபோல ஒரு சிவப்பு லேபிள் வைத்தோம். யார் ஒட்டினாலும் சூப்பர்வைசர் அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும்.

நைட் ஷிப்ட் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. அடுத்து அவர்களோடு உட்காரப் போகிறேன்.