பழைய சிடி, டிவிடியில் இருந்து எடுத்த காப்பி அச்சு அசலா என்று எப்படி உறுதி செய்வது?

பழையபெட்டி:

2003 முதல் 2011 வரை வீட்டில் ரைட் செய்து வைத்த சிடி, டிவிடி எல்லாம் சேர்த்து 140 இருக்கிறது. பெரும்பாலும் குடும்பப் படங்கள், கொஞ்சம் வீடியோ, அப்பா தட்டச்சு செய்து வைத்த குறிப்புகள், அப்புறம் பத்துப் பன்னிரண்டு ஆடியோ சிடி. போன மாதம் ஒவ்வொன்றாகப் போட்டு எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்குக்கு இழுத்துவிட்டேன். சிலவற்றில் பிழை வந்தது, இரண்டு மூன்று மென்பொருள் மாற்றி எப்படியோ எடுத்தேன். இப்போது பார்த்தால் ஒரு படம் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. ஆனால் கோப்பின் அளவு வட்டிலும் ஹார்ட் டிஸ்கிலும் ஒரே எண்தான். நான் இதுவரை அளவைப் பார்த்துத்தான் சரி என்று வைத்திருந்தேன், அதனால் இப்போது எதையும் நம்ப முடியவில்லை. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவும் முடியாது. ரைட் செய்தபோது ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) எதுவும் எடுத்து வைக்கவில்லை. வட்டுகளைக் கழிக்கும் முன் உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறதா?

செக்டர்பதினாறு:

முதலில், எதையும் கழித்துவிடாதீர்கள். வழி இருக்கிறது.

டேட்டா சிடியில் ஒரு செக்டர், அதாவது வட்டில் தரவு பிரித்து எழுதப்படும் சிறு துண்டு, 2352 பைட். அதில் உங்கள் தரவு 2048 பைட்தான். மீதியில் 4 பைட் பிழை கண்டுபிடிக்க, 276 பைட் பிழையைத் திருத்த. டிவிடியில் 16 செக்டர் சேர்ந்து ஒரே தொகுதியாகத் திருத்தப்படும். இதனால் டிரைவ் ஒன்று சரியான தரவைத் தரும், இல்லையென்றால் படிக்க முடியவில்லை என்று சொல்லும். தப்பான தரவைச் சரி என்று சொல்லிக் கொடுப்பது மிக அபூர்வம். ஆகவே சந்தேகப்பட வேண்டியது, பிழை வந்த பிறகு மென்பொருள் என்ன செய்தது என்பதை. சில மென்பொருள்கள் கோப்பை முழு அளவில் முதலிலேயே உருவாக்கிவிட்டு, படிக்க முடியாத இடத்தில் வெறும் பூஜ்யத்தை விட்டுவிடும். அளவு பார்த்தால் அச்சு அசல் மாதிரி இருக்கும், உள்ளே ஓட்டை.

அதனால் கோப்பு கோப்பாக எடுக்காமல் வட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ இமேஜாக, அதாவது மொத்த வட்டின் நகலாக ஒரே கோப்பில் எடுங்கள். லினக்ஸில் அதற்கு க்னூ டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு மென்பொருள் இருக்கிறது. செக்டர் அளவு 2048 என்று கொடுங்கள், மேப் கோப்பு கட்டாயம் கொடுங்கள். எந்த இடம் படித்தாயிற்று, எது படிக்கவில்லை என்று அந்த மேப்தான் சொல்லும். முதல் சுற்றில் சிக்கலான இடங்களைத் தோண்டாமல் தாண்டிப் போகச் சொல்லுங்கள், இரண்டாம் சுற்றில் மூன்று முறை வரை திரும்ப முயலச் சொல்லுங்கள்.

மேப்பில் ஓட்டை இல்லையென்றால் இமேஜுக்கு எஸ்எச்ஏ-256 வகை ஹாஷ் எடுங்கள். பிறகு வட்டை வெளியே எடுத்து மறுபடி போட்டு, இந்த முறை வட்டில் இருந்தே நேராக ஹாஷ் எடுங்கள். வெளியே எடுப்பது முக்கியம், ஏனென்றால் கணினி கொஞ்ச நேரத்துக்கு முன் படித்ததை மெமரியில் வைத்திருந்து அதையே திருப்பிக் கொடுத்துவிடலாம், அப்புறம் நீங்கள் ஒப்பிடுவது காப்பியோடு காப்பியைத்தான். இன்னொரு டிரைவ் கையில் இருந்தால் அதில் போட்டுப் படிப்பது இன்னும் நல்லது. இரண்டு ஹாஷும் ஒன்றானால் அந்த வட்டு முடிந்தது. பிழையே வராமல் படித்தும் இரண்டு ஹாஷ் வேறுபட்டால் வட்டைக் குறை சொல்லும் முன் ரேமையும் யூஎஸ்பி கேபிளையும் சோதியுங்கள்.

ஏற்கெனவே எடுத்த காப்பியும் வீணில்லை. ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்து (நிஜ வட்டைப் போட்டது மாதிரி திறந்து) அதிலுள்ள எல்லாக் கோப்புகளுக்கும் ஹாஷ் பட்டியல் எடுத்து, அந்தப் பட்டியலைப் பழைய ஃபோல்டரில் ஓட்டிப் பாருங்கள். பொருந்தாதவை மட்டும் தனியாகத் தெரியும்.

நிழல்கோப்பு:

விண்டோஸ் என்றால் இமேஜ் எடுக்க இம்க்பர்ன் போதும், ஹாஷுக்குப் பவர்ஷெல்லிலேயே கட்டளை இருக்கிறது. ரோபோகாப்பி (விண்டோஸில் கோப்புகளைக் காப்பி செய்யும் கட்டளை) பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அது உள்ளடக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்காது. பிழை வந்தால் இயல்பாக 10 லட்சம் முறை, ஒவ்வொன்றுக்கும் 30 வினாடி இடைவெளி விட்டு முயலும், கீறல் விழுந்த வட்டில் அதை ஓடவிட்டால் டிரைவ்தான் தேயும். இரண்டு எண்களையும் குறைத்துக் கொடுங்கள்.

ஒலித்தடம்:

ஆடியோ சிடியை மேலே சொன்ன முறையில் எடுக்க முடியாது, தயவுசெய்து தனியாகப் பிரித்து வையுங்கள். அதில் செக்டரின் 2352 பைட்டும் ஒலிக்கே போய்விடுகிறது, அந்த 276 பைட் பாதுகாப்பு கிடையாது. கீழ்மட்டத்தில் ஒரு பிழைதிருத்தம் உண்டுதான், ஆனால் அதுவும் தோற்றுவிட்டால் டிரைவ் அக்கம்பக்கத்து ஒலியை வைத்துத் தானே ஒரு மதிப்பை ஊகித்து நிரப்பிவிடும், பிழை என்று சொல்லாமலே. அதுபோக ஒவ்வொரு டிரைவ் மாடலும் சில சாம்பிள் (ஒலியின் மிகச் சிறு துளி) முன்னோ பின்னோ தள்ளித்தான் படிக்கத் தொடங்கும். இரண்டு டிரைவில் எடுத்த ஹாஷ் வேறுபட்டால் அதற்காகப் பயப்பட வேண்டாம், முதலில் அந்த ஆஃப்செட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் இதைச் செய்யும். கடையில் வாங்கிய இசை வட்டு என்றால் ஆக்யுரேட்ரிப் வழியாக மற்றவர்கள் எடுத்த முடிவோடும் ஒப்பிடலாம். நீங்களே பதிவு செய்ததற்கு அந்த வசதி இருக்காது, இரண்டு முறை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் வழி.

பழையபெட்டி:

எல்லோருக்கும் நன்றி. 30 வட்டு முடித்துவிட்டேன். இரண்டு சந்தேகம். பல சிடிகளில் எல்லாம் ஒழுங்காகப் படித்துவிட்டு, கடைசி இரண்டு செக்டரில் மட்டும் பிழை வருகிறது, எத்தனை முறை முயன்றாலும் அதே இடம்தான். இரண்டாவது, ஒரு டிவிடியில் நடுவே 41 செக்டர் போய்விட்டது, அது எந்தக் கோப்பில் விழுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செக்டர்பதினாறு:

கடைசி இரண்டு செக்டர் பற்றிக் கவலை வேண்டாம். ட்ராக்-அட்-ஒன்ஸ் முறையில், அதாவது ஒவ்வொரு ட்ராக்காகத் தனித்தனியே ரைட் செய்த சிடிகளில் ட்ராக் முடிவில் அப்படி இரண்டு வெற்று செக்டர் இருக்கும். அவையும் அளவுக் கணக்கில் சேரும், ஆனால் படிக்க வராது. நிஜமான அளவு வட்டிலேயே எழுதியிருக்கிறது. 16-ஆவது செக்டரில் உள்ள ஐஎஸ்ஓ 9660 (சிடியில் கோப்புகளை அடுக்கும் முறை) தலைப்பில் மொத்த செக்டர் எண்ணிக்கை கிடைக்கும், ஐஎஸ்ஓஇன்ஃபோ கட்டளை அதைக் காட்டும். அதை 2048-ஆல் பெருக்குங்கள், 3,00,000 செக்டர் என்றால் 61,44,00,000 பைட். அத்தனை பைட்டுக்கு மட்டும் இமேஜுக்கும் வட்டுக்கும் ஹாஷ் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரே வட்டில் பல தடவை சேர்த்துச் சேர்த்து எழுதியிருந்தால், அதாவது மல்டி செஷன், இந்தக் கணக்கு முதல் செஷனோடு நின்றுவிடும், அங்கே இமேஜை வெட்டிவிடாதீர்கள்.

41 செக்டருக்கு: டிடிரெஸ்க்யூவில் ஃபில் மோடு இருக்கிறது. இமேஜை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில் படிக்க முடியாத இடங்களில் மட்டும் நீங்கள் கொடுக்கும் ஒரு வாசகத்தை நிரப்பச் சொல்லுங்கள். வேறெங்கும் வர வாய்ப்பில்லாத வாசகமாகத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதை மவுண்ட் செய்து கோப்புகளுக்குள் அந்த வாசகத்தைத் தேடினால் அடிபட்டவை மட்டும் வந்து நிற்கும்.

ஆனால் அதற்கு முன் வட்டைத் துடைத்துவிட்டு அதே மேப் கோப்போடு வேறு டிரைவில் தொடருங்கள், விடுபட்ட இடங்களை மட்டும்தான் அது திரும்பப் படிக்கும். துடைக்கும்போது மெல்லிய துணியால் நடுவில் இருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்து அந்தத் திசையில் கீறல் விழுந்தால் ஒரே தடத்தில் தொடர்ந்து நிறையத் தரவு போய்விடும், குறுக்குக் கீறலைப் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். சிடியில் லேபிள் பக்கத்தையும் சுரண்டிவிடாதீர்கள், எதிரொளிக்கும் படலம் அந்தப் பக்கம்தான் மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது.

பழையபெட்டி:

ஆடியோ சிடி தவிர எல்லாம் முடிந்தது, ஐந்து வாரம் ஆயிற்று. அந்த டிவிடியில் 41 செக்டரும் பழைய மடிக்கணினி டிரைவில் முதல் சுற்றிலேயே படித்துவிட்டது. முந்தைய காப்பியில் மொத்தம் 63 கோப்பு பொருந்தவில்லை, அத்தனையும் நான் பிழையைத் தாண்டி எடுத்த வட்டுகளில் இருந்தவைதான், இப்போது சரியானவை கிடைத்துவிட்டன.

அந்தச் சாம்பல் படம் மட்டும் அந்த 63-இல் இல்லை. இரண்டு டிரைவிலும் ஹாஷ் ஒன்றே, வட்டில் இருந்து நேராகத் திறந்தாலும் சாம்பல்தான். அப்படியென்றால் 2006-ல் ரைட் செய்யும்போதே கெட்டுப்போன கோப்பைத்தான் போட்டிருக்கிறேன். எல்லா வட்டின் ஹாஷ் பட்டியலையும் சேர்த்து வைத்து அந்தப் பெயரைத் தேடியபோது இன்னொரு டிவிடியில் அகப்பட்டது. அதே பெயர், அதே அளவு, ஹாஷ் மட்டும் வேறு. திறந்தேன், முழுசாக இருக்கிறது. பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம்.

பெயரும் அளவும் ஒன்றாக இருக்கும் கோப்புகளில் ஒன்றை அழித்து இடம் மிச்சம் செய்யலாம் என்று நினைத்திருந்தேன், நல்லவேளை இன்னும் தொடவில்லை. ஹாஷும் ஒன்றாக இருப்பவற்றை மட்டும் அழிக்கிறேன். அடுத்து ஆடியோ சிடிகள், ஒலித்தடம் நண்பரே, ஆஃப்செட் அமைப்பதில் சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கிறேன்.