மழைமானி ஃபர்ம்வேர்: பின் (.bin) கோப்புகளை எங்கே வைப்பது?

கோதையாறு_துளி (குலசேகரம்):
ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கணினிச் சிப்) போர்டில் ஓடும் திறமூல மழைமானித் திட்டம். மூலநிரல் 3 எம்பிகூட வராது. ஒவ்வொரு வெளியீட்டிலும் பில்ட் செய்த .bin கோப்புகளையும், மோடம் தயாரிப்பாளர் தந்த ஃபர்ம்வேரையும் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) சேர்த்தே கிட் களஞ்சியத்தில் கமிட் செய்ததில் குளோன் (முழுப் பிரதி) 210 எம்பி ஆகிவிட்டது. பேச்சிப்பாறைப் பக்கம் மொபைல் டேட்டாவில் இறக்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கிட் எல்எஃப்எஸ்-க்கு (பெரிய கோப்புகளை வெளியே வைத்து, களஞ்சியத்தில் சுட்டியை மட்டும் வைக்கும் வசதி) மாறினால் போதுமா?

தக்கலை_பிட்:
முதலில் இரண்டையும் பிரித்துவிடுங்கள். நீங்கள் பில்ட் செய்வது மூலத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். அதற்கு கிட்டில் வேலையே இல்லை. ஒரு வரி மாற்றினாலே முகவரிகள் நகர்ந்து பைனரி முழுக்க மாறும், அதனால் டெல்டா சுருக்கம் (மாற்றத்தை மட்டும் சேமிப்பது) பெரிதாகப் பலிக்காது. டேக் (பதிப்புக் குறி) போட்டதும் சிஐ (தானாக பில்ட் செய்யும் சேவை) பில்ட் செய்து, ஷா-256 தொகையோடு (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) வெளியீட்டுப் பக்கத்தில் ஏற்றட்டும். ஈஎஸ்பி-ஐடிஎஃப் (ஈஎஸ்பி32-க்கான நிரலாக்கக் கருவித்தொகுப்பு) பதிப்பைப் பூட்டி, மெனுகான்ஃபிக்கில் (அதன் அமைப்புத் திரை) ரீபுரொடியூசிபிள் பில்டை (யார் செய்தாலும் ஒரே பைனரி வரும் பில்ட்) இயக்குங்கள். இல்லையென்றால் தொகுத்த தேதியும் நேரமும் பைனரிக்குள் போய், மற்றவர் பில்ட் செய்து தொகையை ஒப்பிட முடியாது.

மோடம் கோப்பு வேறு கதை. அதைத் தனியே வையுங்கள். லினக்ஸ் கெர்னலும் இதைத்தான் செய்தது: 2017-இல் 4.14 பதிப்போடு ஃபர்ம்வேர் அடைவை நீக்கியது. இப்போது லினக்ஸ்-ஃபர்ம்வேர் தனிக் களஞ்சியம். எந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது, என்ன உரிமம் என்பதெல்லாம் அதிலுள்ள வென்ஸ் கோப்பில் இருக்கும். நீங்களும் அப்படியே எழுதி வையுங்கள். மறுவிநியோக அனுமதி உரிமத்தில் எழுத்தில் இல்லையென்றால் கோப்பை ஏற்றவே கூடாது. தயாரிப்பாளரின் சுட்டியும் ஷா-256 தொகையும் கொண்ட இறக்கும் ஸ்கிரிப்ட் போதும். தொகை பொருந்தாவிட்டால் அது அங்கேயே நிற்க வேண்டும்.

குளச்சல்_அலை:
எல்எஃப்எஸ்ஸும் வேண்டாம். அதற்கு ஒரு காரணம்: கிட்ஹப்பில் மூலத்தை ஜிப்பாக இறக்கினால், அமைப்பில் மாற்றாதவரை அதில் எல்எஃப்எஸ் கோப்பு வராது, சில வரிகளே உள்ள சுட்டிக் கோப்புதான் வரும். விவரம் தெரியாதவர் அதையே போர்டில் எழுதிவிடுவார்.

டாட் ஹெக்ஸ் கோப்பு இருந்தால் கிட்ஆட்ரிபியூட்ஸில் (கோப்புகளைக் கிட் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் கோப்பு) அதைப் பைனரி என்று குறியுங்கள். அது உண்மையில் எழுத்துக் கோப்பு. விண்டோஸில் கிட் வரிமுடிவை மாற்றிவிடும், ஷா-256 பொருந்தாது.

கோதையாறு_துளி:
சரி, இரண்டையும் பிரிக்கிறேன். பழைய வரலாற்றை எப்படிக் குறைப்பது? ஃபிளாஷ் செய்ய (போர்டில் எழுத) மூன்று .bin கோப்புகள் கொடுப்பதும் குழப்பமாக இருக்கிறது.

தக்கலை_பிட்:
பழைய பைனரிகளை முதலில் அந்தந்த வெளியீட்டுப் பக்கத்தில் ஏற்றிவிடுங்கள். மிரர் குளோன் (எல்லாக் கிளைகளும் டேக்குகளும் அடங்கிய பிரதி) ஒன்றைக் காப்புக்கு எடுத்து வையுங்கள். பிறகு புதிய குளோனில் கிட் ஃபில்டர்-ரெப்போ (வரலாற்றைத் திருத்தி எழுதும் கருவி) ஓட்டி, .bin கோப்புகளை வரலாறு முழுவதிலும் நீக்குங்கள். கமிட் எண்கள் மாறும். டேக்குகளையும் ஃபோர்ஸ் புஷ் செய்ய (பழையதன் மேலேயே கட்டாயமாக ஏற்ற) வேண்டும். எல்லோரும் புதிதாகக் குளோன் எடுக்கச் சொல்லுங்கள். பழைய குளோனிலிருந்து ஒருவர் மெர்ஜ் செய்து தள்ளினால் நீக்கியதெல்லாம் திரும்ப வந்துவிடும்.

மூன்று கோப்புகளை ஈஎஸ்பிடூலின் (போர்டில் எழுதும் கருவி) மெர்ஜ் பின் (merge-bin) வசதி ஒன்றாக்கும். புதுப் போர்டுக்கு அதை 0 முகவரியில் எழுதினால் முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மானிக்கு மட்டும் அதைக் கொடுக்காதீர்கள். இடைவெளிகள் நிரப்பப்படுவதால் வழக்கமான பார்ட்டிஷன் அமைப்பில் என்விஎஸ் பகுதியும் (அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) அழியும்; வைஃபை விவரமும் அளவுத்திருத்த எண்களும் போய்விடும். அதற்கு அந்த மூன்றில் செயலியின் (ஆப்) .bin கோப்பை மட்டும் ஹெக்ஸ் 10000 (0x10000) முகவரியில் எழுதச் சொல்லுங்கள்.